மாஸ்க் கட்டாயம் என்றால் டூர் நின்றுவிடுமா?

சபரிமலைக்கு மாலை போட்டவர், மாஸ்க் கட்டாயம் என்று அறிவித்ததற்காக மாலையைக் கழற்றுவதில்லை. மேல்மருவத்தூருக்குச் சிவப்புப் புடவை கட்டிக் கிளம்பும் வேனும் நிற்பதில்லை. நிற்பதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கலில் குளித்து, மீன் சாப்பிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம் என்று போட்ட திட்டம்தான். கிருஷ்ணகிரி பக்கத்துக் கே.ஆர்.பி. அணைப் பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துப்போவது, ஏற்காட்டுக்கு ஒரு நாள் போய்வருவது எல்லாம் இந்த வகை. வேண்டுதல் உள்ளவர் போயே ஆக வேண்டும். சும்மா சுற்றிவரப் போகிறவருக்கு, "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று சொல்ல ஒரு சாக்குப் போதும்.

இப்போதுதான் கட்டாயம் இல்லையே, எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்பீர்கள். விதி வந்து போன வரிசையைப் பாருங்கள். 2020 செப்டம்பரில் தமிழ்நாட்டில் பொது இடத்தில் மாஸ்க் இல்லாவிட்டால் 200 ரூபாய் அபராதம். 2022 ஜனவரியில் அது 500 ஆனது. பிறகு தளர்ந்தது, மறுபடி இறுகியது. 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலையை விலக்கிக்கொண்டது. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஏப்ரல் 1 அன்று, நம் அரசு மருத்துவமனைகளில் மாஸ்க் மீண்டும் கட்டாயமாகியிருந்தது. இன்னொரு சுவாசத் தொற்று பரவினால் முதலில் திரும்பி வரும் விதி இதுவாகத்தான் இருக்கும்.

ஓசூர்க்காரர்களுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. அத்திப்பள்ளியைத் தாண்டினால் வேறு மாநிலம், வேறு அபராதம். 2020 அக்டோபரில் கர்நாடகம் நகரங்களில் ஆயிரம் ரூபாய் என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே 250-க்கு இறக்கியது. காலையில் ஒரு விதி, மத்தியானம் ஒரு விதி, எல்லை தாண்டினால் மூன்றாவது விதி என்றால் குடும்பத்தலைவர் என்ன செய்வார்? வீட்டிலேயே இருந்துவிடுவார். மாஸ்க்கின் அசௌகரியத்தைவிட இந்தக் குழப்பம்தான் பயணங்களை அதிகமாக நிறுத்துகிறது என்பது எங்கள் கருத்து.

மாஸ்க் விதியை ஜனங்கள் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. ஆபத்து வரும்போது மனிதன் எப்படி முடிவெடுக்கிறான் என்பதற்கு ரொனால்ட் ரோஜர்ஸ் என்ற உளவியலாளர் 1975-இல் ஒரு கோட்பாடு தந்து, 1983-இல் அதை விரித்தெழுதினார். மனம் இரண்டு கணக்குப் போடுகிறது என்பது அதன் சாரம். ஒன்று ஆபத்தின் கணக்கு: எனக்கு வருமா, வந்தால் எவ்வளவு மோசம்? மற்றது சமாளிப்பின் கணக்கு: இந்த வழி பலிக்குமா, என்னால் முடியுமா, எவ்வளவு சிரமம்? மாஸ்க் இரண்டு கணக்கிலும் நுழைகிறது. சர்க்கரை நோயுள்ள அம்மாவை உடன் அழைத்துப் போகிறவருக்கு, எல்லோரும் மாஸ்க் போட்டிருப்பது தெம்பு. அவர் கூடுதலாகவே பயணம் போவார். கல்லூரிப் பையனுக்கு அது சிரமக் கணக்கில் மட்டும் ஏறும். போட்டோவில் முகம் தெரியாது, வெயிலில் வியர்க்கும். இவை இரண்டுக்கும் அப்பால், பேசப்படாத ஒன்று இருக்கிறது. "மாஸ்க் கட்டாயம்னு போட்டிருக்காங்கன்னா அங்க ஏதோ பரவுது" என்று விதியையே ஆபத்தின் அறிகுறியாக வாசிப்பது. பாதுகாக்கப் போட்ட பலகை பயத்தைக் கூட்டிவிடுகிறது. பலகையில் 'கட்டாயம், மீறினால் அபராதம்' என்று மட்டும் எழுதாமல், எங்கே, எதற்கு என்று ஒரு வரி சேர்த்தால் இந்த வாசிப்பு பெருமளவு குறையும்.

கட்டாயத்துக்கு எதிராக மனம் முறுக்கிக்கொள்வதும் உண்டு. 1966-இலேயே ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் இதைக் கோட்பாடாக எழுதிவிட்டார். அதன் நடைமுறை விளைவு நாம் கண்ணால் பார்த்ததே: செக்போஸ்ட் வந்தால் மாஸ்க் மூக்குக்கு ஏறும், தாண்டியதும் தாடைக்கு இறங்கும். வேனுக்குள் யாருக்கும் மாஸ்க் இல்லை. ஒகேனக்கலில் காற்றடிக்கும் திறந்தவெளியில் இறங்கியதும் அபராதத்துக்குப் பயந்து எல்லோருக்கும் மாஸ்க். தொற்றின் பார்வையில் இது தலைகீழ். ஆபத்து கூடுதலாக இருந்த இடம் வேன்.

அதனால் முதலில் வேனைப் பார்ப்போம். பன்னிரண்டு பேர் உட்காரும் டெம்போ டிராவலரில் தருமபுரியிலிருந்து ஒகேனக்கலுக்குச் சுமார் 46 கிலோமீட்டர். ஒன்றே கால் மணி நேரம் ஒரே காற்றைப் பன்னிரண்டு பேர் பகிர்கிறார்கள். சீக்கிரம் குளிரட்டும் என்று டிரைவர் ஏசியை உள்காற்றைச் சுழற்றும் நிலையில் வைப்பார். காரின் படத்துக்குள் வளைந்த அம்புக்குறி இருக்கும் பட்டன் அது. அதை அணைத்து, வெளியிலிருந்து உள்ளே அம்பு வரும் நிலைக்கு மாற்றச் சொல்லுங்கள். கூரையில் பொருத்திய ஏசி என்றால் சில வண்டிகளில் வெளிக்காற்றுக்கு வழியே இருக்காது. அப்போது முன்னால் ஒரு ஜன்னலும், அதற்கு எதிர்ப்பக்கம் பின்னால் ஒரு ஜன்னலும் இரண்டு விரற்கடை திறந்திருந்தாலே காற்று வண்டியின் நீளத்துக்கும் ஓடும். குளிர்ச்சி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பாட்டுப் போடலாம். கூடவே எல்லோரும் கத்திப் பாடினால் வாயிலிருந்து கிளம்பும் நுண்துளிகள் சாதாரணப் பேச்சைவிடப் பல மடங்கு. ஜன்னல் மூடிய வண்டியில் அதைத் தவிருங்கள்.

பென்னாகரம் தாண்டி மலைப்பாதையில் இறங்கும்போது யாராவது ஒருவருக்குக் குமட்டும். மாஸ்க் போட்டபடி வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து இருக்கிறது. குமட்டல் பழக்கம் உள்ளவரை முன் வரிசை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். வயிற்றைப் புரட்ட ஆரம்பித்ததுமே மாஸ்க்கைக் கழற்றச் சொல்லுங்கள். மாத்திரை போடுவதானால் வண்டி ஏறுவதற்கு அரை மணி முன்பே போட வேண்டும், வளைவு வந்தபிறகு பலனில்லை.

ஒகேனக்கல் போய்ச் சேர்ந்தால், அங்கே நாம் ரசிப்பதெல்லாம் மாஸ்க் இல்லாமல் செய்ய வேண்டியவை: குளியல், பரிசல், எண்ணெய் மசாஜ், மீன். 'இங்கே மாஸ்க் போட்டுக்கொண்டு என்ன டூர்' என்று அலுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கழற்ற வேண்டிய இடங்களைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

அருவியில் மாஸ்க் கூடவே கூடாது. நனைந்த மாஸ்க் மூக்கோடு ஒட்டிக்கொள்ளும், காற்று உள்ளே வராது. பரிசலும் அப்படியே: அருவிப்பக்கம் போனால் சாரல் நனைத்துவிடும், ஓட்டுபவர் ஒரு சுற்றுச் சுற்றினால் தண்ணீர் தெறிக்கும். லைஃப் ஜாக்கெட்டை இறுக்கக் கட்டுங்கள். மாஸ்க்கைக் கழற்றி, மடித்து, ஒரு காகித உறையில் போட்டு, அதை ஜிப் வைத்த பாலிதீன் பைக்குள் வையுங்கள். பரிசலில் உங்களோடு இருப்பவர்கள் வேனிலும் உங்களோடு வந்தவர்கள்தான். திறந்த ஆற்றில் புதிதாகப் பெரிய ஆபத்து ஏதும் சேராது. மாஸ்க் வேண்டிய இடங்கள் வேறு. பரிசல் டிக்கெட்டுக்கு நெருக்கியடித்து நிற்கும் வரிசை, உடை மாற்றும் அறை, ஆடிப்பெருக்கு அன்று பஸ் நிலையத்திலிருந்து ஆற்றுக்கு இறங்கும் கூட்டம்.

மசாஜில் படுத்திருப்பவர் முகத்துக்கு நேர்மேலே மசாஜ் செய்பவரின் முகம் இருக்கிறது. எண்ணெய் முகத்தோடு நீங்கள் மாஸ்க் போட முடியாது. அவர் போட முடியும். நாள் முழுக்க எத்தனையோ முகங்களை நெருங்குகிறவர் அவர், அவருக்கும் பாதுகாப்பு வேண்டும். புது மாஸ்க் ஒன்றை அவர் கையில் கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்வதில் தப்பொன்றும் இல்லை.

மீன் வாங்கிக் கொடுத்து அங்குள்ள அம்மாக்களிடம் சமைத்து வாங்கிச் சாப்பிடுவது வழக்கம். கூரைக்குள் நெருக்கி உட்காராமல் மரத்தடியில் பாய் விரித்துச் சாப்பிட்டாலே போதும். ஒரு கவளத்துக்கு மாஸ்க்கை இறக்கி, மறு கவளத்துக்கு ஏற்றும் சிலரைப் பார்க்கிறோம். அது வேண்டாம், விரல்தான் அழுக்காகிறது. சாப்பிட்டு முடியும்வரை கழற்றியே வையுங்கள், கை கழுவியதும் போடுங்கள்.

எந்த மாஸ்க் என்பதில்தான் கடையில் ஏமாறுகிறார்கள். மூன்றடுக்கு சர்ஜிக்கல் மாஸ்க்கில் வேலை செய்வது நடு அடுக்கு. அது இல்லாமல் இரண்டு அடுக்கை ஒட்டி விற்பதும் உண்டு. பாக்கெட்டில் ஒன்றை வெட்டி மூன்று அடுக்கு பிரிகிறதா என்று பாருங்கள். நிறம் உள்ள பக்கம் வெளியே, கம்பி மேலே, மடிப்பு கீழ்நோக்கி. கன்னத்தோரம் இடைவெளி விட்டால், காது வாரை மாஸ்க்கின் ஓரத்தை ஒட்டி ஒரு முடிச்சுப் போட்டு, பக்கவாட்டில் துருத்தும் துணியை உள்ளே மடித்து விடுங்கள். கசிவு நன்றாகக் குறையும். கண்ணாடியில் ஆவி படிகிறதென்றால் மூக்குக் கம்பி சரியாக அமரவில்லை என்று பொருள்.

முதியவர், சர்க்கரை, சிறுநீரக நோய், ஆஸ்துமா உள்ளவர் ஆகியோருக்கு, முகத்தோடு ஒட்டி உட்கார்ந்து நுண்துகளை வடிகட்டும் என்95, அல்லது ஐஎஸ் 9473 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள எஃப்எஃப்பி2 மாஸ்க். வால்வு வைத்தது வேண்டாம்: அது போட்டவரின் மூச்சை வடிகட்டாமல் வெளியே விடும். மத்திய சுகாதாரத் துறை 2020 ஜூலையிலேயே இதை எச்சரித்தது. என்95-ஐத் துவைத்தாலோ சானிடைசர் தெளித்தாலோ, தூசியை இழுக்கும் அதன் மின்னேற்றம் போய்விடும், பிறகு அது வெறும் துணி. இன்னொன்று: கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டவர்களின் தாடி. தாடிக்கு மேல் என்95 ஒட்டி உட்காராது, விலை கொடுத்ததற்குப் பலன் இல்லை. அந்த வேன்களில் சர்ஜிக்கல் மாஸ்க்கும் திறந்த ஜன்னலும் போதும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் அறுக்கும் பட்டறைகளில் வேலை செய்பவர்கள் சர்ஜிக்கல் மாஸ்க்கைத் தூசிக்குப் போட்டுக்கொள்கிறார்கள். அந்தச் சிலிக்காத் தூசிக்கு அது போதவே போதாது. டூரில் மிச்சமான பெட்டியைப் பட்டறைக்கு எடுத்துப் போக வேண்டாம்.

மாஸ்க்கால் ஆக்சிஜன் குறையும் என்ற பயம் வயதானவர்களை வீட்டிலேயே உட்கார வைத்தது. என்95 சோதிக்கப்படுவது 0.3 மைக்ரான் துகளில். ஆக்சிஜன் மூலக்கூறு அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான், தடையின்றிப் போய்வரும். மூச்சு முட்டுவதுபோல் இருப்பதற்குக் காரணம் இழுக்கக் கூடுதல் பலம் தேவைப்படுவதும், உள்ளே சேரும் சூடும் ஈரமும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு வீட்டில் அரை மணி நேரம் போட்டுக்கொண்டு நடந்து, மாடிப்படி ஏறிப் பாருங்கள். ஆக்சிமீட்டரில் வழக்கமாக 95-க்கு மேல் காட்டுபவருக்கு 94-க்குக் கீழ் இறங்கினால் மாஸ்க்கைக் குறை சொல்லாமல் டாக்டரைப் பாருங்கள். ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைக்கு மாஸ்க் வேண்டாம். 6 முதல் 11 வரை, தானே போட்டுக் கழற்றத் தெரிந்தால், பெரியவர் கண் பார்வையில். 12-க்கு மேல் பெரியவர்களைப் போலத்தான். மத்திய அரசின் 2022 ஜனவரி வழிகாட்டுதலும் இதுவே.

எத்தனை வாங்குவது? போகும்போது ஒன்று, குளித்தபின் ஒன்று, வியர்வையில் நனைந்தால் மாற்ற ஒன்று. ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று. பன்னிரண்டு பேருக்கு 36. ஐம்பது கொண்ட ஒரு பெட்டி ஒரு நாளுக்குத் தாராளம். இரண்டு நாள் என்றால் 72, இரண்டு பெட்டி. கழற்றியதைப் போட மூடியுள்ள ஒரு வாளி வண்டியில் இருக்கட்டும். கீழே எறிந்தால் குரங்கு தூக்கும், மிச்சம் காவிரிக்குப் போகும். அது பிளாஸ்டிக் இழை, மக்காது.

வேன் வைத்திருப்பவர்களுக்கு: மாஸ்க் விதியை வண்டி ஏறும்போது சொன்னால் சண்டை வரும், முன்பதிவிலேயே சொன்னால் அது நிபந்தனை. வாட்ஸ்அப்பில் நான்கு வரி போதும். வண்டிக்குள் மாஸ்க், ஜன்னல் இவ்வளவு திறந்திருக்கும், அருவியிலும் சாப்பாட்டிலும் தேவையில்லை, மாஸ்க் நாங்கள் தருகிறோம். எங்கே கழற்றலாம் என்று சொல்லிவிட்டாலே தயங்குபவர்களில் பலர் வந்துவிடுவார்கள். டிரைவரும் ஒழுங்காகப் போட்டிருக்க வேண்டும். அவர் தாடையில் தொங்கவிட்டால் பின்னால் ஒருவரும் போட மாட்டார்கள்.

முன்பணத்தையும் யோசியுங்கள். காய்ச்சல், இருமல் என்றால் தேதியை மாற்றித் தருவோம் என்று எழுதிக் கொடுங்கள். கட்டிய பணம் திரும்பாது என்றால், முந்தின நாள் ராத்திரி காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு ஒருவர் காலையில் வண்டியில் ஏறி உட்காருவார். காசநோய்க்கு மருந்து ஆரம்பித்து இரண்டு வாரம்கூட ஆகாத, இன்னும் மற்றவருக்குத் தொற்ற வைக்கக்கூடியவரும் பணத்துக்காக மறைத்துக்கொண்டு வரலாம். அவர் முகத்தில் மாஸ்க் இருக்கும். சாப்பிட உட்காரும்போது கழற்றுவார்.