நிரலில் ஒரு வரியை நீக்கியதும் ரோபோ ஏன் தள்ளாடுகிறது?

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய, நிரல் எழுதி இயக்கக்கூடிய ஆர்டுயினோ ஊனோ பலகை ஒன்று, கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிரை அளக்கும் உணரிகள் ஐந்து, மோட்டார்கள் இரண்டு. கறுப்புக் கோட்டைத் தொடரும் ரோபோவின் முக்கிய பாகங்கள் இவை. அதில் மாணவர்களை அழவைக்கும் வழு ஒன்று உண்டு. உணரி அளவுகளைக் கணினித் திரைக்கு அனுப்பும் வரி நிரலில் இருக்கும்வரை ரோபோ ஒழுங்காக ஓடும். போட்டிக்கு முன் அதை நீக்கியதும் பாம்பாய் நெளியும்.

வெறுமனே பார்ப்பதற்காக எழுதிய வரி ஓட்டத்தை எப்படி மாற்றும்? நேரக் கணக்கைப் பாருங்கள். செக்கனுக்கு 9600 பிட் வேகத்தில், ஓர் எழுத்துக்கு 10 பிட் வீதம், 960 எழுத்துகளே போகும். 24 எழுத்துகளுக்கு 25 மில்லிசெக்கன். அனுப்பக் காத்திருக்கும் 64 பைட் இடம் நிரம்பியதும் நிரல் இடம் கிடைக்கும்வரை அந்த வரியிலேயே காத்து நிற்கும். வரி இல்லாவிட்டால், ஐந்து உணரிகளையும் வாசிக்க அரை மில்லிசெக்கன் சொச்சம்தான். நிரலின் ஒரு சுற்று 25 மில்லிசெக்கனிலிருந்து ஏறத்தாழ ஒன்றுக்கு இறங்கிவிடுகிறது.

கோட்டை விட்டு விலகிய அளவுக்கு ரோபோவைத் திருப்புவது நிரலின் ஒரு பகுதி. விலகல் மாறும் வேகத்தைப் பார்த்து அந்தத் திருப்பத்தை அடக்குவது இன்னொரு பகுதி. இரண்டாவதைப் பலரும் ‘இப்போதைய விலகல் கழித்தல் முந்தைய விலகல்’ என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். கழிந்த நேரத்தால் வகுப்பதில்லை. 25 மில்லிசெக்கனில் 10 ஆக இருந்த வித்தியாசம் ஒரு மில்லிசெக்கனில் 0.4. முழு எண் மாறியில் அது பூச்சியம்! அடக்கும் விசை போய்விட, ரோபோ இரு பக்கமும் அலைகிறது.

இந்த இடத்தில், திருப்பத்தையும் அடக்கலையும் கூட்டிக் குறைக்கப் பெருக்கும் எண்களை ஊகத்தில் மாற்றுவது வீண் வேலை. ஒவ்வொரு சுற்றையும் சரியாக 10 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை ஓடவிட்டாலே பாதிச் சிக்கல் தீரும். (வெள்ளவத்தையில் கடல் பக்க யன்னலோரம் சோதிப்பவர்கள் யன்னல் திரைச்சீலையையும் மூடுங்கள். மாலை வெயிலில் உள்ள செந்நிறக்கீழ்க் கதிர் உணரியைக் குழப்பும்.)

அளவுகளை ஓடும்போது அனுப்பாமல் நினைவகத்தில் சேர்த்துவைப்பது இன்னும் நல்லது. ஆனால் அளவுகளைப் பார்க்கக் கணினியில் அதற்கான சாளரத்தைத் திறந்தவுடன் ஊனோ மீளத் தொடங்கி, சேர்த்ததை இழந்துவிடும். ஆகவே ஓட்டம் முடிந்ததும், மின்சாரம் போனாலும் அழியாத 1024 பைட் நினைவகத்தில் எழுதிவிடுங்கள். ஒரு பைட் எழுத 3.3 மில்லிசெக்கன் ஆகும். ஓட்டத்தின் நடுவே எழுதினால் பழைய வழுவே திரும்பிவரும்.