பாயசத்துக்குப் பிறகு எந்தப் படம்?

பொங்கலன்று மதியம் ஒன்றரை மணிக்கு இலை எடுத்தாயிற்று. சர்க்கரைப் பொங்கல், ஏழு காய்க் குழம்பு, உளுந்து வடை, பாயசம். இரண்டே கால் மணிக்குக் கூடத்தில் பத்துப் பேர், ரிமோட் ஒருவர் கையில். அவர் அரை மணி நேரம் போஸ்டர்களை மேலும் கீழும் தள்ளிவிட்டு, "சரி, எதையாவது போடு" என்ற குரல் கேட்டதும் ஒன்றை அழுத்துவார். இருபதாவது நிமிடம் சித்தப்பா குறட்டை விடுவார். பாட்டி அடுக்களைக்குப் போய்விடுவார், பிள்ளைகள் போனுக்குள் இறங்கிவிடுவார்கள். குற்றம் பெரும்பாலும் படத்தின் மேல் இல்லை. தேர்ந்தெடுத்த நேரமும் தேர்ந்தெடுத்த விதமும்தான் தப்பு.

நேரத்தை முதலில் பார்ப்போம். சாப்பிட்டதும் ரத்தமெல்லாம் வயிற்றுக்கு இறங்கி மூளைக்குக் குறைந்துவிடுகிறது, அதனால்தான் தூக்கம் என்று சொல்வார்கள். குடலுக்கு ரத்த ஓட்டம் கூடுவது உண்மை. ஆனால் மூளைக்குப் போகவேண்டிய பங்கில் உடல் கைவைப்பதில்லை, அதைச் சீராகவே வைத்துக்கொள்கிறது. தூக்கத்துக்கு வேறு காரணங்கள் உண்டு. பகல் ஒன்றிலிருந்து நான்கு மணிக்குள் உடலின் உள்கடிகாரமே ஒரு பள்ளத்தில் இறங்குகிறது. பட்டினி கிடந்தாலும் இந்த மந்தம் வரும். அதன் மேல் சோறும் வெல்லமும் நெய்யும் சேர்கின்றன. நெய் சிறுகுடலைத் தொட்டதும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரந்து வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தி, நிறைவைக் கொடுக்கிறது. மூளையில் விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஒரெக்சின் செல்கள் சர்க்கரை கூடும்போது அடங்கிப்போவதை எலிகளின் மூளையில் கண்டிருக்கிறார்கள். ஆக, இரண்டரை மணிக்குப் படம் போடுவது தூங்கப்போகிறவருக்குக் கதை சொல்வதுபோல.

அதனால் இந்தக் கணக்கு உதவும். சாப்பிட்டதும் பத்து, பதினைந்து நிமிடம் தெருவில் நடை. ரத்தச் சர்க்கரை ஏறும் வேகத்தை இது குறைக்கும். இரண்டரைக்கு இருபது நிமிடம் கண்ணயரலாம். அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்தில் விழுந்து, எழுந்த பிறகும் தலை கனக்கும். மூன்று மணிக்குக் காபி. அதன் வேலை தெரிய அரை மணி நேரமாகும் என்பதால் மூன்றரைக்குப் படம். இரண்டரை மணி நேரப் படமென்றால் நாலே முக்கால் வாக்கில் இடைவேளை, ஆறு மணிக்கு விளக்கேற்றும் நேரத்தில் முடிவு. கூடத்தை இருட்டடிக்க வேண்டாம். திரைக்குப் பின்னால் ஒரு விளக்கு எரியட்டும்.

இனி தேர்வு. "ஓட்டு எடுத்தால் போச்சு" என்பது எளிதான பதில், ஆனால் ஓட்டுக்குள்ளேயே ஒரு சிக்கல் இருக்கிறது. தாத்தாவுக்குப் பழைய கறுப்பு வெள்ளைப் படம் முதலில், நகைச்சுவை இரண்டாவது, த்ரில்லர் கடைசி. அத்தைக்கு நகைச்சுவை, த்ரில்லர், பழையது. கல்லூரிப் பேரனுக்கு த்ரில்லர், பழையது, நகைச்சுவை. இரண்டிரண்டாக மோதவிடுங்கள். பழைய படம் நகைச்சுவையை 2-க்கு 1 என்று வெல்லும். நகைச்சுவை த்ரில்லரை அதே கணக்கில் வெல்லும். த்ரில்லரோ பழைய படத்தை வெல்லும்! எதைப் போட்டாலும் "நாங்க ரெண்டு பேர் வேற கேட்டோமே" என்று சொல்ல இருவர் இருப்பார்கள். பிரெஞ்சுக் கணிதவியலாளர் கொண்டோர்செ 1785-ல் எழுதிவைத்த முரண்பாடு இது. விருப்பங்களை வரிசைப்படுத்தி வாங்கும் எந்த முறையும் நியாயமான எல்லா நிபந்தனைகளையும் ஒருசேர நிறைவேற்ற முடியாது என்று 1951-ல் பொருளியலாளர் கென்னத் ஆரோ நிரூபித்தார்.

வரிசைக்குப் பதிலாக மதிப்பெண் வாங்கினால் வழி கொஞ்சம் திறக்கிறது. ஐந்து பேர், ஐந்துக்கு மதிப்பெண். அடிதடிப் படத்துக்கு 5, 5, 5, 5, 1, சராசரி 4.2. குடும்ப நகைச்சுவைக்கு 4, 4, 4, 4, 3, சராசரி 3.8. சராசரிப்படி அடிதடிதான் வெற்றி. ஆனால் அந்த 1 போட்டவர் பாட்டி. அவர் எழுந்து போனால் துணைக்கு அம்மா போவார், அம்மாவைத் தேடிக் கடைக்குட்டி போகும். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 2001-ல் குழுக்களுக்குப் படம் பரிந்துரைக்க உருவாக்கிய பாலிலென்ஸ் என்ற நிரல், இதைப் புரிந்துகொண்டு சராசரியைக் கைவிட்டது. குழுவில் மிகக் குறைவாக மகிழ்கிறவரின் மதிப்பெண்ணே அந்தக் குழுவின் மதிப்பெண். அந்தக் கணக்கில் 1-ஐ 3 வெல்லும். பண்டிகை மதியத்துக்கு இதைவிடப் பொருத்தமான விதி இல்லை: எல்லோரும் கொண்டாடும் படம் வேண்டாம், யாரும் எழுந்து போகாத படம் போதும். ஆனால், எல்லாவற்றுக்கும் 1 போடும் ஒரு பெரியப்பா இருந்தால் இந்த விதி முடங்கிவிடும். அதனால் "வேண்டவே வேண்டாம்" என்று சொல்லும் உரிமை ஆளுக்கு ஒரே ஒரு முறைதான்.

நடைமுறையில் செய்வது இப்படி. காலையில் காய் நறுக்கும்போதே இரண்டு பேர், ஒருவர் பெரியவர் ஒருவர் இளையவர், ஐந்து படங்களை எழுதிவிட வேண்டும். தணிக்கைச் சான்றிதழையும் அப்போதே பாருங்கள். யு/ஏ என்று பொதுவாக இருந்தது இப்போது 7+, 13+, 16+ என்று பிரிந்திருக்கிறது. வீட்டின் கடைக்குட்டிக்கு ஒத்துவராதது பட்டியலிலேயே ஏறக்கூடாது. பிறகு ஒவ்வொரு படத்தின் பெயரையும் சொன்னதும் எல்லோரும் கையை முதுகுக்குப் பின்னால் வைத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொன்னவுடன் ஒரே நேரத்தில் விரல்களை நீட்ட வேண்டும். மூடிய முஷ்டி என்றால் வேண்டவே வேண்டாம்.

ஒரே நேரத்தில் என்பதுதான் இதில் முக்கியம். மாமா முதலில் வாயைத் திறந்து "அது நல்ல படமாச்சே" என்றால் மருமகன்கள் அத்தனை பேரும் தலையாட்டுவார்கள். கண்ணெதிரே இருக்கும் கோட்டின் நீளத்தைக்கூட, கூட்டம் தவறாகச் சொன்னால் பலர் கூடவே தவறாகச் சொல்கிறார்கள் என்பதை 1950-களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் சோதித்துக் காட்டினார். விடையைத் தனியாக எழுதச் சொன்னபோது அந்தத் தவறு வெகுவாகக் குறைந்தது. 1974-ல் மேலாண்மைப் பேராசிரியர் ஜெர்ரி ஹார்வி எழுதியதும் ஒரு குடும்பக் கதைதான்: டெக்சாஸ் வெயிலில் நால்வர் அபிலீன் ஊருக்குச் சாப்பிடப் போய்த் திரும்பிய பிறகுதான், போக யாருக்குமே விருப்பம் இருந்ததில்லை என்று தெரிந்தது. மற்றவர்களுக்காகச் "சரி" சொன்ன நாலு பேர்!

வகையைப் பொறுத்தவரை நகைச்சுவைக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. தனியாக இருப்பதைவிடக் கூட்டத்தில் ஆள் சுமார் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார் என்று சிரிப்பை ஆராய்ந்த உளவியலாளர் ராபர்ட் புரோவைன் கணக்கிட்டார். ஏற்கெனவே பார்த்த படமும் பரவாயில்லை. காபி போட எழுந்தவர் திரும்பி வந்து "என்னாச்சு?" என்று கேட்க வேண்டியதில்லை.

படம் சரியாக அமைந்தும் வசனம் காதில் விழாமல் போவதுண்டு. ஐந்து ஸ்பீக்கருக்குக் கலந்த ஒலியில் வசனம் பெரும்பாலும் நடுச் சேனலில் வரும். டிவியின் இரண்டு சின்ன ஸ்பீக்கர்களில் அது இசையோடு குழம்பிவிடும். ஒலி அமைப்பில் ஸ்டீரியோவைத் தேர்ந்து, இரவு நேர ஒலி என்ற வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். சண்டை இரைச்சல் இறங்கி, பேச்சு மேலே வரும். வயதானால் முதலில் மங்குவது உயர் அதிர்வெண் ஒலிகள் என்பதால் ச, த போன்ற மெய்யொலிகள் தாத்தாவுக்குத் தெளிவாகக் கேட்காது. தமிழ்ப் படத்துக்கும் திரையில் வசன எழுத்து (சப்டைட்டில்) ஓடட்டும்.

கடைசியாக, ஓடிடி செயலியில் யாருடைய கணக்கில் (அக்கவுண்ட்) படம் ஓடுகிறது என்று பாருங்கள். பரிந்துரை நிரல்களுக்கு ஒரு கணக்கு என்றால் ஒரே ஆள்தான். குடும்பம் என்று தனிப் பக்கம் திறக்காவிட்டால், திகில் படமாகவே பார்க்கும் பேரனின் முகப்பில் தை மாதம் முழுக்க அம்மன் படங்கள் வரிசைகட்டி நிற்கும்.