அலர்ட் கருவியை ஓப்பன் கோராக வெளியிடும் முன் முடிவுசெய்ய வேண்டியவை

ஆன்-கால் கருவிகளுக்கான (சேவை விழுந்தால் அப்போது பொறுப்பில் இருப்பவரை எழுப்பும் கருவிகள்) சந்தையில் இப்போது பெரிய இடம் காலியாகியிருக்கிறது. அத்தகைய கருவியான ஓப்ஸ்ஜீனியைப் புதிதாக விற்பதை அட்லாசியன் 2025 ஜூனில் நிறுத்தியது. 2027 ஏப்ரலில் அந்தச் சேவையே மூடப்படுகிறது. அதே வேலையைச் செய்யும் கிராஃபனா ஆன்காலின் திறமூலப் பதிப்பு 2025 மார்ச்சில் பராமரிப்பு நிலைக்குப் போனது. மாற்றுத் தேடும் அணிகள் நிறைய, அவர்களுக்காகப் புதிதாக எழுதுபவர்களும் நிறைய. பலர் எடுக்கும் வழி ஓப்பன் கோர்: மையப் பகுதி திறமூலம், அதற்கு மேல் சில வசதிகளுக்கு மட்டும் கட்டணம். மற்ற மென்பொருள்களில் இந்தப் பிரிவினை தப்பினால் பயனர்கள் முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான். இங்கே தப்பினால் புரொடக்‌ஷன் (பயனர்கள் பயன்படுத்தும் நேரடிச் சேவை) விழுந்த இரவில் யாருடைய போனும் அடிக்காது.

அதனால் எங்கள் அளவுகோல் இது: அலர்ட் பிறக்கும் இடம் முதல், ஆன்-காலில் இருப்பவர் அதைப் பார்த்து ஏற்றுக்கொள்ளும் வரை உள்ள பாதை முழுவதும் இலவச மையத்தில் இருக்க வேண்டும். வெப்ஹூக் (கண்காணிப்பு மென்பொருள் அலர்ட்டை அனுப்பும் வலைக் கோரிக்கை) வாங்குவது, நகல்களைக் களைவது, குழுவாக்குவது, ஷிப்ட் அட்டவணை, ஒருவர் எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போகும் எஸ்கலேஷன், தற்காலிகமாக வாயடைக்கும் சைலன்ஸ், எல்லாமே இதில் அடக்கம். எஸ்கலேஷனை மட்டும் கட்டணப் பக்கம் தள்ளிவிட்டு 'இலவசப் பதிப்பு உண்டு' என்று அறிவிப்பவர்கள் இருக்கிறார்கள். அது அரைக் கருவி. கட்டணத்துக்கு உரியவை நிர்வாகம் கேட்பவை: எஸ்சிஐஎம் என்ற நெறிமுறை வழியே பயனர்களைச் சேர்த்து நீக்குவது, பல ஆண்டுத் தணிக்கைப் பதிவு, துறைவாரி அனுமதிகள், எஸ்எல்ஏ (சேவைத் தர உறுதி) அறிக்கைகள். நிரல் சேமிப்புத் தளமான கிட்லாப் இதே கணக்கைத்தான் வெளிப்படையாகப் பின்பற்றுகிறது. ஒரு வசதியை அதிகம் விரும்புபவர் டெவலப்பரா, இயக்குநரா என்று பார்த்து அது எந்தக் கட்டண அடுக்கில் வரும் என முடிவுசெய்கிறது. ஒற்றை உள்நுழைவில் (நிறுவனத்தின் ஒரே கணக்கால் எல்லாக் கருவிகளிலும் நுழைவது) மட்டும் கொஞ்சம் தாராளம் தேவை. ஓஐடிசி என்ற முறையிலான சாதாரண உள்நுழைவு பாதுகாப்பு விஷயம், அதை இலவசத்தில் விடுங்கள். எஸ்ஏஎம்எல் என்ற இன்னொரு முறையைக் கேட்கும் நிறுவனத்தால் காசு கொடுக்க முடியும்.

பாதையில் உங்கள் சர்வர் நிற்கிறதா?

இலவசத்துக்கும் கட்டணத்துக்கும் இடையிலான கோட்டைச் சரியாகப் போட்ட பிறகும் கவனிக்காமல் விடப்படும் இடம் புஷ் அறிவிப்பு. ஐபோனுக்கு அறிவிப்பு அனுப்ப ஆப்பிள் தரும் சாவி, ஆப்பை வெளியிட்டவரிடம் மட்டுமே இருக்கும். உங்கள் கருவியைத் தன் சர்வரில் நிறுவும் பயனரிடம் அது இருக்காது, அவருக்குக் கொடுக்கவும் கூடாது. ஆகவே அவருடைய அலர்ட் உங்கள் ரிலே (இடையில் நின்று கடத்தும் சர்வர்) வழியாகத்தான் போக வேண்டும். கிராஃபனா ஆன்கால் திறமூலப் பதிப்பில் மொபைல் புஷ் கிராஃபனா கிளவுட் இணைப்பை நம்பியே இருந்தது. இத்தகைய அமைப்பில் ரெப்போவை ஃபோர்க் செய்வது (நிரலை நகலெடுத்துத் தனியாக வளர்ப்பது) எளிது. ரிலேவை யார் நடத்துவது என்ற கேள்விக்குத்தான் பதில் இருக்காது.

நல்ல முன்மாதிரி என்டிஃபை என்ற திறமூல அறிவிப்புக் கருவி. தன் சர்வரில் அதை நிறுவியவர் ஐபோனுக்கு அனுப்பும்போது, வெளியே இருக்கும் மைய சர்வருக்குச் செய்தியின் அடையாளம் மட்டுமே போகிறது. உள்ளடக்கத்தை ஆப் பயனரின் சர்வரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. உங்கள் ரிலேயும் அப்படியே இருக்கட்டும். வாடிக்கையாளரின் டேட்டாபேஸ் பெயரும் பிழைச் செய்தியும் உங்கள் லாக்கில் வந்து விழக் கூடாது. ரிலே மூலநிரலையும் திறந்து வையுங்கள். மியூட்டில் இருக்கும் ஐபோனும் சத்தம் போட வேண்டுமானால் ஆப்பிளிடம் கிரிட்டிக்கல் அலர்ட் அனுமதியைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வெளியீட்டுத் தேதியைக் குறிக்கும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

போன் அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் பயனர் தன் சொந்தக் கணக்கின் சாவியை இட வழி வேண்டும். டுவிலியோ, எக்சோடெல், பிளிவோ எதுவானாலும் சரி. இந்திய அணிகள் பயன்படுத்தப் போகிறார்கள் என்றால் தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் டிஎல்டி (வணிக எஸ்எம்எஸ்களை முன்பதிவு செய்யும் முறை) விதிகளை மனதில் வைத்து வடிவமைக்க வேண்டும். நிறுவனம், அனுப்புநர் பெயர், செய்தி வார்ப்பு மூன்றும் முன்பே பதிவாகியிருக்க வேண்டும். வார்ப்பில் மாறும் இடங்களுக்கு எழுத்து வரம்பும் உண்டு; 30 எழுத்து என்று வைத்துக்கொண்டு எழுதினால் சிக்கல் வராது. அலர்ட்டின் சுருக்கத்தை அப்படியே மாறிக்குள் கொட்டினால் நீளம் மீறி, வார்ப்பு பொருந்தவில்லை என்று ஆபரேட்டரே செய்தியை நிராகரித்துவிடுவார். தீவிரம், சேவையின் குறும்பெயர், அலர்ட் எண் ஆகிய மூன்றும் போதும். இணைப்பு வேண்டாம்: பதிவு செய்யாத இணைப்புகள் உள்ள செய்திகள் 2024 அக்டோபரிலிருந்து தடுக்கப்படுகின்றன, பயனர் ஒவ்வொருவரின் சர்வர் முகவரியும் வேறு வேறு. வார்ப்பை அமைப்புப் பக்கத்தில் திருத்தும் வசதி கட்டாயம்.

வெப்ஹூக் வாசல்

முதலில் இணைக்கப்படுவது பெரும்பாலும் புரோமீதியஸ் கண்காணிப்புக் கருவியின் அலர்ட் அனுப்பும் பகுதியான அலர்ட்மேனேஜராகத்தான் இருக்கும். அதன் இயல்பு அளவுகள்: குரூப் வெயிட் (குழுவின் முதல் செய்திக்கு முன் காத்திருப்பது) 30 நொடி, குரூப் இன்டர்வல் (குழுவில் மாற்றம் வந்தால் அடுத்த செய்திக்கான இடைவெளி) 5 நிமிடம், ரிப்பீட் இன்டர்வல் (மாற்றம் இல்லாதபோது மறுபடி சொல்லும் இடைவெளி) 4 மணி நேரம். இந்த மூன்றும் உங்கள் கருவியின் நடத்தையை நேரடியாகத் தீர்மானிக்கின்றன. வெப்ஹூக் வந்ததும் 200 (சரி, கிடைத்தது) என்று பதில் சொல்லிவிட்டு, பிறகு சாவகாசமாக டேட்டாபேஸில் எழுதும் நிரல் நிறையப் பார்க்கலாம். பதிலுக்கும் எழுத்துக்கும் இடையே புராசஸ் செத்தால், அலர்ட்மேனேஜரின் கணக்கில் அந்த அலர்ட் போய்ச் சேர்ந்துவிட்டது. குழுவில் வேறு மாற்றம் வராவிட்டால் 4 மணி நேரத்துக்கு அது வாயே திறக்காது. எழுதி முடித்த பிறகே 200 சொல்லுங்கள். டேட்டாபேஸ் கிடைக்கவில்லை என்றால் 500 வரிசைப் பிழை (சர்வரின் கோளாறு) கொடுங்கள், அதற்கு உடனே மறுமுயற்சி உண்டு. 400 வரிசை (கோரிக்கையில் தவறு) கொடுத்தால் அந்த மறுமுயற்சி கிடையாது. அடுத்த குரூப் இன்டர்வல் வரை காத்திருக்கும். அந்த 5 நிமிடம் பெரிய விலை.

நகல் களைவதில் செய்யும் தவறு, விளக்க உரையையும் சேர்த்து ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறி) எடுப்பது. 'சிபியு 91.3 சதவீதம்' அடுத்த முறை 91.7 ஆகும், உடனே புது அலர்ட், புது அழைப்பு. அலர்ட்மேனேஜர் அனுப்பும் ஃபிங்கர்பிரின்ட் என்ற அடையாளக் குறி, லேபிள்களை (அலர்ட்டின் பெயர், சர்வர் போன்ற குறிப்புகள்) மட்டும் வைத்துக் கணக்கிடப்பட்டது. அதையும் தொடக்க நேரத்தையும் சேர்த்துச் சாவியாக்குங்கள். இரண்டும் முன்பு வந்ததேயானால் அது மறுபடி வந்த பழைய செய்தி. ஃபிங்கர்பிரின்ட் அதே, தொடக்க நேரம் புதிது என்றால் பிரச்சினை தீர்ந்து மறுபடி கிளம்பியிருக்கிறது, அதற்கு அழைக்க வேண்டும். தீர்ந்தது என்ற செய்தி வந்த பின் பழைய செய்தி தாமதமாக வந்து சேர்ந்தாலும் இதே ஒப்பீடு காப்பாற்றும். அலர்ட்மேனேஜரை இரண்டு பிரதிகளாக ஓட்டும்போது இடையே நெட்வொர்க் அறுந்தால் இரண்டுமே அனுப்பும். தவறவிடுவதைவிட இருமுறை சொல்வது மேல் என்று வேண்டுமென்றே செய்த வடிவமைப்பு அது.

அனுப்பும் பக்கத்தில் ஒவ்வொரு வழிக்கும் தனி வரிசை வையுங்கள். ஸ்லாக் ஒரு சேனலுக்கு நொடிக்கு ஒரு செய்தி அளவில்தான் ஏற்கும், மீறினால் 429 (மிக அதிகக் கோரிக்கைகள்) என்ற பிழை. நெட்வொர்க் சுவிட்ச் ஒன்று போய் 200 அலர்ட் ஒன்றாக வரும் நேரத்தில், போன் அழைப்பும் ஸ்லாக் செய்தியும் ஒரே வரிசையில் நின்றால், அழைப்பு மூன்று நிமிடத்துக்கு மேல் பின்னால் போய்விடும். ஷிப்ட் அட்டவணையில் உள்ளூர் நேரத்தையும் நேர மண்டலத்தின் பெயரையும் சேமியுங்கள். யுடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாற்றிச் சேமித்தால், மார்ச் கடைசியில் லண்டன் கடிகாரம் நகரும்போது சென்னை–லண்டன் கைமாற்றத்தில் ஒரு மணி நேரம் யாருமில்லாமல் போகலாம்.

லைசென்ஸும் ஃபோல்டரும்

டெர்ராஃபார்ம் கருவியின் திறமூல லைசென்ஸை ஹாஷிகார்ப் 2023 ஆகஸ்டில் மாற்றியதும் அதன் ஃபோர்க்காக ஓப்பன்டோஃபு பிறந்தது. ரெடிஸ் டேட்டாபேஸ் 2024 மார்ச்சில் மாற்றியது, சில நாளிலேயே அதன் ஃபோர்க்கான வால்கீ வந்தது. 2025 மே மாதம் ரெடிஸ் ஏஜிபிஎல் லைசென்ஸைச் (மாற்றிய நிரலையும் திறக்கச் சொல்வது) சேர்த்துத் திறமூலத்துக்குத் திரும்பியது. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று தொடங்காதீர்கள். மையம் எம்ஐடி அல்லது அப்பாச்சி (தளர்வான லைசென்ஸ்கள்) என்றால் வெளியார் பங்களிப்புக்கு டிசிஓ கையொப்பம் (இந்த நிரலைத் தர எனக்கு உரிமை உண்டு என்ற உறுதி) போதும், கட்டணப் பகுதியோடு கலந்து தரலாம். மையம் ஏஜிபிஎல் என்றால், வெளியார் எழுதியதை மூடிய நிரலோடு சேர்த்து விநியோகிக்க சிஎல்ஏ (பங்களிப்பவர் உரிமை தரும் ஒப்பந்தம்) இல்லாமல் வழியில்லை. இதை முதல் புல் ரிக்வெஸ்ட் (சேர்க்கச் சொல்லி அனுப்பும் நிரல் மாற்றம்) வருவதற்கு முன்பே தீர்மானியுங்கள்.

கட்டணப் பகுதி முழுவதும் ஒரே ஃபோல்டருக்குள், தனி லைசென்ஸ் கோப்போடு இருக்கட்டும். சிஐயில் (தானியங்கி பில்ட், சோதனை அமைப்பு) அந்த ஃபோல்டரை அழித்துவிட்டு பில்ட் செய்து எல்லாச் சோதனைகளையும் ஓட்டும் வேலை ஒன்று ஒவ்வொரு கமிட்டிலும் ஓட வேண்டும். இது இல்லாவிட்டால் மையத்தின் எங்கோ ஓர் இம்போர்ட் கட்டணப் பக்கத்தைத் தொட்டுவிடும், இலவசப் பதிப்பு எழும்பாது.

லைசென்ஸ் சாவியைப் பொதுச் சாவிக் கையொப்பத்தால் இணையமின்றியே சரிபாருங்கள். காலாவதியானால் அறிக்கைப் பக்கங்கள் பூட்டலாம். அலர்ட் பாதையில் லைசென்ஸ் சோதனை ஒரு வரிகூட இருக்கக் கூடாது. பணம் கட்ட மறந்த வாடிக்கையாளரின் எஸ்கலேஷன் நின்று அவருடைய சேவை விழுந்தால், அந்தப் பெயர் உங்கள் கருவியை விட்டுப் போகாது.

வெளியீட்டுத் தொகுப்பில் நிறுவ ஒரே டாக்கர் கம்போஸ் கோப்பு, சோதனை அலர்ட் அனுப்ப ஒரு கர்ல் கட்டளை, ஓப்ஸ்ஜீனி அட்டவணையை இறக்கும் ஸ்கிரிப்ட் மூன்றும் இருக்கட்டும். டெலிமெட்ரி (பயன்பாட்டுத் தகவல் திரட்டுவது) இருந்தால் முதல் திரையிலேயே சொல்லிக் கேளுங்கள். எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் வாட்ச்டாக் அலர்ட்டுக்கான ஆதரவையும் முதல் பதிப்பிலேயே சேருங்கள்: அது வராமல் நின்றால் உங்கள் கருவி கூவ வேண்டும், கருவியே செத்தால் ஹெல்த்செக்ஸ் போன்ற வெளிச் சேவை கூவ வேண்டும். அந்த வெளிச் சேவைக்கு 'உயிரோடு இருக்கிறேன்' என்ற துடிப்பை அனுப்புவது அலர்ட்டைக் கையாளும் அதே வொர்க்கராக இருக்கட்டும். தனி த்ரெட்டில் வைத்தால் வரிசை முழுவதும் உறைந்து நிற்கும்போதும் துடிப்பு மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருக்கும்.