டிஃபர் ஆகிவிட்டதா? கடிதம் அப்புறம், மற்ற விண்ணப்பங்கள் முதலில்

அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பங்களுக்கு ஆலோசகராக இருப்பதால் டிசம்பர் நடுவில் எனக்குத் தொடர்ந்து அழைப்புகள் வரும். பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "டிஃபர்னு போட்டிருக்காங்களே, ரிஜெக்ட் பண்ணிட்டாங்கன்னுதானே அர்த்தம்?"

இல்லை. முடிவைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். நவம்பர் தொடக்கத்தில் எர்லி டிசிஷனிலோ (இடம் கிடைத்தால் கட்டாயம் சேர வேண்டிய முன்கூட்டிய சுற்று) எர்லி ஆக்‌ஷனிலோ (அந்தக் கட்டாயம் இல்லாத முன்கூட்டிய சுற்று) விண்ணப்பித்த பிள்ளையின் கோப்பை, ரெகுலர் என்ற வழக்கமான சுற்றில் வருபவர்களோடு சேர்த்து இன்னொரு முறை படிக்கப் போகிறார்கள். பதில் பெரும்பாலும் மார்ச்சில் வரும். எர்லி டிசிஷனில் டிஃபர் ஆனவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: இடம் கிடைத்தால் கட்டாயம் சேருவோம் என்று பிள்ளையும் பெற்றோரும் போட்டுக்கொடுத்த கையெழுத்து இனி அவர்களைக் கட்டுப்படுத்தாது. மார்ச்சில் அதே கல்லூரி இடம் தந்தாலும், மற்ற கல்லூரிகள் தரும் நிதியுதவியோடு ஒப்பிட்டுப் பார்த்து மே 1 வரை யோசிக்கலாம். கணக்குப் பார்த்துப் படிக்கவைக்கும் குடும்பத்துக்கு இது பெரிய விஷயம்.

அதே சமயம், பொய்யான ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை. போட்டி மிகுந்த கல்லூரிகளில் டிஃபர் ஆனவர்களில் பெரும்பாலோருக்குக் கடைசியில் இடம் கிடைப்பதில்லை. அதனால்தான் முதல் வேலை 'எனக்கு இன்னும் ஆர்வம் இருக்கிறது' என்று அந்தக் கல்லூரிக்குக் கடிதம் எழுதுவது அல்ல என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ரெகுலர் சுற்றின் கடைசித் தேதி பல கல்லூரிகளில் ஜனவரி 1 முதல் 5-க்குள் வந்துவிடும். டிஃபர் செய்தி வந்த நாளிலிருந்து கையில் இருப்பது இரண்டு, மூன்று வாரம்தான். கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களுக்கான விண்ணப்பக் காலமோ அதற்கு முன்பே, நவம்பர் முடிவை ஒட்டி, முடிந்திருக்கும். கனவுக் கல்லூரிக்கான கடிதத்தைப் பத்துத் தடவை திருத்திவிட்டு, மற்ற கல்லூரிகளின் கட்டுரைகளை டிசம்பர் 31 இரவில் அவசரமாக எழுதிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மார்ச்சில் அவர்களை வருத்தியது டிஃபர் அல்ல, அந்த அவசரக் கட்டுரைகள்தான்.

சிகாகோ, வாண்டர்பில்ட், எமரி, நியூயார்க் பல்கலைக்கழகம் போன்றவற்றில் எர்லி டிசிஷனுக்கு இரண்டாம் சுற்று உண்டு. அதுவும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமே. ஏமாற்றத்தின் சூட்டில் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தக் கல்லூரிக்கு மனதார ஆசைப்பட்டால், செலவும் கட்டுபடியானால் மட்டும் போடுங்கள்.

ஜனவரியில் கடிதத்துக்கு வருவோம். முதலில் போர்ட்டலில் கல்லூரி என்ன சொல்லியிருக்கிறது என்று வரி விடாமல் படியுங்கள். சில கல்லூரிகள் கடிதம் கேட்கும். சில கல்லூரிகள் தாங்களே படிவம் தரும். எம்ஐடி (அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம்) பிப்ரவரியில் நிரப்பச் சொல்லும் படிவம் அப்படிப்பட்டது. சில, எதுவும் அனுப்ப வேண்டாம் என்றே சொல்லிவிடும். வேண்டாம் என்றால் அனுப்பக் கூடாது, அவ்வளவுதான்.

கேட்டால் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நவம்பருக்குப் பிறகு புதிதாக நடந்தது என்ன? அதுதான் கடிதத்தின் உயிர். ஒரு மாணவியின் முதல் வரைவு முழுக்கக் கல்லூரியின் பெருமைதான். தரவரிசை, நூலகம், பேராசிரியர்கள். அவர்களுக்குத் தெரியாததா இதெல்லாம்? பேச்சுக் கொடுத்தபோதுதான், பக்கத்து நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அவள் கணக்குச் சொல்லித்தரத் தொடங்கியிருந்தது தெரிந்தது. பின்னம் புரியாத ஒரு பையனுக்காகப் பாடம் நடத்தும் விதத்தையே மாற்றியிருக்கிறாள். கடிதம் அதைச் சுற்றி அமைந்தது. "இடம் கிடைத்தால் நிச்சயம் வருவேன்" என்ற வரியை உண்மையாக இருந்தால் மட்டும், ஒரே ஒரு கல்லூரிக்கு மட்டும் எழுதலாம். நண்பனுக்குக் கிடைத்தது எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற தொனி எங்கும் எட்டிப் பார்க்கக் கூடாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அட்மிஷன் அலுவலகத்துக்கு நீங்கள் போன் செய்யாதீர்கள். அங்கே படித்த மாமாவிடமோ வேலை பார்க்கும் சித்தப்பாவிடமோ சிபாரிசுக் கடிதம் வாங்காதீர்கள். பிள்ளையை நேரில் அறியாதவர் எழுதும் கடிதத்தால் கோப்பின் கனம்தான் கூடும். பேச வேண்டியவர் பிள்ளை. துணைக்குப் பள்ளிக் கவுன்சிலர். முதல் செமஸ்டர் மதிப்பெண்களோடு மிட் இயர் ரிப்போர்ட் அனுப்புவது அவர்தான். என் பார்வையில் கடிதத்தைவிட அந்த மதிப்பெண்களே முக்கியம்.

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ விண்ணப்பித்தவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நம் பள்ளிகளில் செமஸ்டர் கிடையாது. பிளஸ் டூ அரையாண்டு மதிப்பெண்தான் அந்த இடத்தில் போகும், சிபிஎஸ்இ என்றால் ப்ரீ போர்டு. மிட் இயர் ரிப்போர்ட் என்றால் என்னவென்றே தெரியாத பள்ளி அலுவலகங்கள் இன்னும் உண்டு. பொங்கல் விடுமுறைக்கு முன்பே தலைமையாசிரியரைப் பார்த்து விளக்கிவிடுங்கள். அரையாண்டுத் தாளைப் பொதுத்தேர்வைவிடக் கறாராகத் திருத்தும் வழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால், அதை ஒரு வரியாகக் கவுன்சிலர் குறிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் கோப்பைப் படிப்பவருக்கு வேறு எப்படித் தெரியும்?

கடிதத்தை அனுப்பிய பிறகு வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டாம். சொல்லத்தக்க புதுச் செய்தி வந்தால் மட்டும் இன்னொரு முறை எழுதலாம். மார்ச் வரை "ஏதாவது வந்துச்சா?" என்று சாப்பாட்டு மேசையில் தினமும் கேட்பதையும் நிறுத்திவிடுங்கள். வந்தால் பிள்ளையே சொல்லும்.