எஞ்சின் இழுக்கவில்லையா? கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன்

ஃபைபர் படகில் மாட்டிய 9.9 அல்லது 15 குதிரைத்திறன் அவுட்போர்டு முன்போல் இழுக்கவில்லை என்றதும் எல்லோர் கையும் முதலில் போவது கார்புரேட்டருக்குத்தான். எரிபொருளை அளந்துவிடும் ஜெட் நன்றாகவே இருக்க, அதில் கம்பியை விட்டு ஓட்டையைப் பெரிதாக்குவதோடு அந்த வேலை முடிகிறது. வேகம் தொலைகிற இடம் பெரும்பாலும் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஒரு ஆர்பிஎம் மீட்டர் போதும். பிளக் ஒயர்மேல் சுற்றிக் கட்டுகிற சின்ன மீட்டரே போதுமானது. ஒரு சுற்றுக்கு எத்தனை ஸ்பார்க் என்பதை அதில் சரியாக வைக்காவிட்டால், காட்டும் எண் பாதியாகவோ இரட்டிப்பாகவோ வரும்.

வழக்கமாக ஏற்றும் ஆள், வலை, ஐஸ் எல்லாவற்றோடும் போய் முழு ரேஸ் கொடுத்துப் பாருங்கள். 15 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பலவற்றுக்கு 4,500 முதல் 5,500 ஆர்பிஎம் வரை என்று கையேட்டில் இருக்கும். வெறும் படகில் எடுத்த கணக்கு எதற்கும் உதவாது.

ஆர்பிஎம் எகிறுகிறது, படகு நகரவில்லை என்றால் ப்ரொப்பெல்லர் வழுக்குகிறது. நடுவில் இருக்கும் ரப்பர் புஷ் விட்டுப்போயிருக்கலாம். உள் புஷ்ஷையும் வெளிக் குழலையும் சேர்த்துப் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். படகை ஓட்டிவந்து பார்க்கும்போது கோடு விலகியிருந்தால் புஷ் போய்விட்டது. கோடு அப்படியே இருந்தால் எஞ்சின் உயரத்தைப் பாருங்கள். ப்ரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டு, படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ அதிலிருந்து ஒரு அங்குலத்துக்குள் கீழேயோ இருக்க வேண்டும். படகின் அடியில் நேரான சட்டத்தை வைத்துப் பின்னால் நீட்டினால் தெரிந்துவிடும். 15 அங்குல ஷார்ட் ஷாஃப்ட் எஞ்சினை 20 அங்குலப் பின்பலகையில் மாட்டினால் அது காற்றைத்தான் கடையும். நேர்மாறாக மாட்டினால் வேகம் செத்துப்போகும், பெட்ரோல் விற்பவருக்குத்தான் லாபம்.

ஆர்பிஎம் 4,500-ஐத் தொடவே இல்லையா? கட்டிப்போட்ட படகென்றால் அடியில் பாசியும் கொட்டலசும் இருக்கிறதா பாருங்கள். பிறகு இரண்டு பிளக்கையும் கழற்றி அருகருகே வையுங்கள். ஒன்று காப்பி நிறம், மற்றொன்று கறுத்து ஈரமாக இருந்தால், கறுத்த பிளக் இருந்த சிலிண்டர் எரியவில்லை. இரண்டும் நன்றாக இருந்தால் ப்ரொப்பெல்லரின் பிட்ச் (ஒரு சுற்றில் அது முன்னேறும் தூரத்தின் கணக்கு, அங்குலத்தில்) அதிகம். ஒரு அங்குலம் குறைந்த பிட்ச் போட்டால் சுமார் 150 முதல் 200 ஆர்பிஎம் ஏறும். பெரிய பிட்ச் அதிக வேகம் தரும் என்று நம்பி மாட்டி, சுமையோடு திணறவிட்டால் சூடேறிக் கரி பிடிக்கும்.

நடுக்கடலில் நிற்காமல் இருக்க, குளிர்விக்கும் நீர் முக்கியம். பின்னால் பீச்சும் தாரை மெலிந்தால் வாட்டர் பம்பில் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரைச் சந்தேகியுங்கள். கடலில் தினம் ஓடும் எஞ்சினுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. கரையில் தண்ணீரில்லாமல் "ஸ்டார்ட் ஆகிறதா" என்று பார்ப்பது அந்த ரப்பரைச் சில நொடிகளில் தின்றுவிடும். கரை திரும்பியதும் பத்து நிமிடம் நல்ல தண்ணீரில் ஓடவிடுங்கள்.

தங்கூசி நரம்பு, அதாவது நைலான் மீன்பிடி நரம்பு, இன்னொரு எமன். ப்ரொப்பெல்லர் பின்னால் சுற்றி ஆயில் சீலை அறுக்கும். உப்புத்தண்ணீர் கியருக்குள் போகும். மாதம் ஒருமுறையாவது ப்ரொப்பெல்லரைக் கழற்றிப் பார்த்து ஷாஃப்டுக்கு கிரீஸ் தடவுங்கள். கியர் ஆயில் வெளுத்து வந்தால் ஆயிலை மாற்றி ஏமாற்றிக்கொள்ளாமல் சீலை மாற்றுங்கள். புது ஆயிலைக் கீழ்த் துளையிலிருந்து ஏற்ற வேண்டும்; மேல் துளையில் வழிந்ததும் மேல் ஸ்குரூவை முதலில் மூடிவிட்டு, பிறகு கீழே மூடுங்கள்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எண்ணெய்க் கலவை 50:1 என்றால் 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி ஆயில். பைக் 2டி ஆயில் வேண்டாம். டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று போட்ட மரைன் ஆயில்தான். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருப்பதால் ஈரத்தை இழுத்து, தண்ணீர் அடியில் தங்கும். வாரக்கணக்கில் டேங்கில் வைக்காதீர்கள். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று போடுங்கள். கிளம்பிச் சில நிமிடத்தில் எஞ்சின் அணைந்து, பெட்ரோல் குழாயில் இருக்கும் ரப்பர் பல்ப் சப்பிக்கிடந்தால் வேறெதையும் கழற்ற வேண்டாம். டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகைத் திறந்துவிட்டு, பல்ப் கெட்டியாகும்வரை அழுத்துங்கள்.

மண்ணெண்ணெய் எஞ்சின் என்றால் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியபின் மாற்றுங்கள். அணைப்பதற்கு முன் மறுபடி பெட்ரோலில் சற்று ஓட்டுங்கள். கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் நின்றுவிட்டால் அடுத்த நாள் காலையில் கயிறு இழுத்தே கை ஓய்ந்துவிடும்.