செத்த புராசஸ் மீது பழி போடாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. நள்ளிரவில் ஒரு சர்வரில் டேட்டாபேஸ் நின்றுபோனது. காலையில் என் மேசைக்கு வந்த அறிக்கை: "டேட்டாபேஸ் மெமரியைத் தின்றுவிட்டது, ரேமை இரட்டிப்பாக்கவும்." கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) பதிவின் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு எழுதியது.

"அவுட் ஆஃப் மெமரி: கில்ட் புராசஸ்" என்ற அந்த வரி, கொல்லப்பட்ட புராசஸ் (ஓடிக்கொண்டிருந்த நிரல்) எது என்பதைத்தான் சொல்கிறது. தின்றது எது என்று சொல்லவில்லை. மெமரி தீர்ந்தால் ஒரு புராசஸைக் கொன்று இடம் காலியாக்கும் லினக்ஸின் ஓஓஎம் கில்லர் குற்றவாளியைத் தேடுவதே இல்லை. எந்த ஒரு புராசஸைக் கொன்றால் அதிக இடம் காலியாகும் என்று தனித்தனியாக மதிப்பெண் போட்டுப் பார்க்கிறது. முதல் வரியில் "இன்வோக்ட் ஓஓஎம் கில்லர்" என்பதோடு வரும் பெயரும் குற்றவாளி என்று பொருளல்ல. கையிருப்பு தீர்ந்த நேரத்தில் வந்து கேட்டது அது, அவ்வளவுதான்.

விடை நடுவில் இருக்கிறது. யாரும் படிக்காத அந்தப் பட்டியலில் எல்லாப் புராசஸ்களும் வரிசையாக இருக்கும். இந்த 16 ஜிபி சர்வரில், அறிக்கை தயாரிக்கும் நிரலின் 40 வொர்க்கர்கள் (வேலையைப் பங்கிட்டுச் செய்யும் புராசஸ்கள்), ஒவ்வொன்றின் ஆர்எஸ்எஸ் (ரேமில் பிடித்திருக்கும் இடம்) மதிப்பும் 65,536. குழுவினர் அதைக் கிலோபைட் என்று எண்ணி, "64 எம்பிதானே" என்று கடந்துவிட்டார்கள். அது கிலோபைட் அல்ல, பக்கங்களின், அதாவது கெர்னல் மெமரியைப் பிரித்துத் தரும் துண்டுகளின், எண்ணிக்கை! பக்கம் ஒன்றுக்கு 4 கேபி என்றால் 256 எம்பி. நாற்பதுக்கும் சேர்த்து 10 ஜிபி. டேட்டாபேஸோ 5 ஜிபிதான். ஆனால் ஒற்றைப் புராசஸாகப் பார்த்தால் அதுவே பெரியது, அதனால் அது பலியானது. கடைசி வரியில் மட்டும் அளவு கிலோபைட்டில் வருவதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

வொர்க்கர்களை 16 ஆகக் குறைத்தோம். ரேம் வாங்கவில்லை.

ஓஓஎம் கில்லரின் மதிப்பெண்ணை மாற்றும் அமைப்பில் (oom_score_adj) டேட்டாபேஸுக்கு மைனஸ் 1000 கொடுத்துக் காப்பாற்றிவிட்டோம் என்று நிம்மதியடையாதீர்கள். அடுத்த முறை வேறொன்று சாகும். "மெமரி சிகுரூப்" (ஒரு புராசஸ் குழுவுக்கு வைத்த மெமரி வரம்பு) என்று செய்தியில் இருந்தால் சர்வரில் இடம் இருக்கலாம், அந்தக் கன்டெய்னரின் (நிரல் தனித்து ஓடும் பெட்டி) வரம்புதான் தீர்ந்திருக்கும். கன்டெய்னர் 137 என்ற எண்ணோடு நின்றால், அது 128உடன் 9; 9 என்பது கொல்லும் சிக்னலின் (SIGKILL) எண். வெளியிலிருந்து கொன்றிருக்கிறார்கள், நிரல் தானாக விழவில்லை.

இரவுப் பணியில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ரீபூட் செய்யும் முன் கெர்னல் பதிவு முழுவதையும் ஒரு கோப்பில் சேமியுங்கள். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ரீபூட் செய்தால் கெர்னலின் நினைவில் உள்ள பதிவு அழிந்துவிடும், அந்தப் பட்டியலும் அதோடு போய்விடும்.