ஹெபடைடிஸ் பி: எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் போதுமா?

“ரத்தத்தில் கிருமி இருக்கிறதாம் டாக்டர், எதிர்ப்புச் சக்திக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள்.” ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். நியாயமான ஆசைதான். ஆனால் இந்த வைரஸ் தானாக ஈரலை அரிப்பதில்லை. அது குடியிருக்கும் செல்களைத் தாக்க வரும் நம் வெள்ளணுக்களே ஈரலைப் புண்ணாக்குகின்றன. ஆகவே எதிர்ப்புச் சக்தியைக் கண்மூடித்தனமாக முடுக்கிவிட முடியாது.

அதை அளவோடு தூண்டும் மருந்து உண்டு. பெகிலேட்டட் இன்டர்ஃபெரான் என்ற ஊசி. வாரம் ஒன்று வீதம் 48 வாரங்கள். கிருமியின் மேலுறைப் புரதம் ரத்தத்திலிருந்து அறவே மறைவதுதான் நாங்கள் விரும்பும் பலன். அது சிலருக்கே கிடைக்கிறது. முதல் சில ஊசிகளுக்குக் குளிர் காய்ச்சலும் உடல்வலியும் படுத்தும். தட்டணுக்கள் குறையலாம், மனச்சோர்வு வரலாம். ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்தவருக்கும் கர்ப்பிணிக்கும் இது கூடவே கூடாது.

அதனால் பெரும்பாலோருக்கு டெனோஃபோவிர் அல்லது என்டகாவிர் மாத்திரைதான். தினம் ஒன்று, பல வருடங்களுக்கு. இவை வைரஸ் பெருகுவதைத் தடுக்கும். செல்லின் கருவுக்குள் பதுங்கிய அதன் மரபுப் பொருளை அகற்றாது. கண்கள் மஞ்சளாகி வந்த ஒருவருக்கு, ஈரல் செல்கள் சிதைவதைக் காட்டும் எஸ்ஜிபிடி அளவு ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. “ரிப்போர்ட்டில் வைரஸ் இல்லை என்று வந்தது, மாத்திரையை நிறுத்திவிட்டேன்” என்றார். அந்த ரிப்போர்ட்டை லேமினேட் செய்து வைத்திருந்தார்!

கீழாநெல்லி பற்றியும் கேட்பீர்கள். சென்னையில் நடந்த ஆய்வொன்று 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் நம்பிக்கையூட்டும் முடிவுகளோடு வந்தது உண்மை. இந்த வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற ப்ளம்பெர்க்கும் அதில் பங்கேற்றார். பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. காமாலை தானாகத் தணிவதும் உண்டு. பெயர் மூலிகைக்குப் போய்விடுகிறது.

எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள்தான் எனக்கு அதிகக் கவலை. எப்போதோ வந்து அடங்கிய கிருமிகூட, சில புற்றுநோய்களுக்கும் மூட்டுவலிக்கும் போடும் ரிடுக்ஸிமாப் போன்ற ஊசி, கீமோதெரபி, நீண்ட நாள் ஸ்டீராய்டு ஆகியவற்றால் விழித்துக்கொள்ளும். இவற்றைத் தொடங்குமுன் மேலுறைப் புரதச் சோதனையோடு முன்பு கிருமி வந்துபோனதைக் காட்டும் ‘கோர்’ ஆன்டிபாடியையும் பார்க்கச் சொல்லுங்கள். முன்பே பாசிட்டிவ் என்றால், புற்றுநோய் மருத்துவரிடமோ மூட்டுவலி மருத்துவரிடமோ, அவர் கேட்காவிட்டாலும், நீங்களே சொல்லிவிடுங்கள். தடுப்பு மாத்திரையை முன்கூட்டியே தொடங்கிவிடலாம். 2018 முதல் நடக்கும் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்.